குறுக்கே ஒரு கோடு

ஹாலில் அண்ணனைக் கிடத்த இடம் வேண்டுமென்று பக்கத்து வீட்டு டிரைவர் அவர் கணக்குப் போடும் கரும்பலகையின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனையைத் தங்கை பிடித்திருந்தாள். அப்போதுதான் அண்ணனின் போன் அடித்தது. பலகையை இறக்கி வைத்துவிட்டு எடுத்தாள்.

அந்த எண்ணுக்கு அழைக்கிறவர் ஒருவர்தான். வெளிநாட்டில் கணக்குப் பேராசிரியர். வாரம் ஒருமுறை இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். தையல் மிஷின் சத்தத்தினூடே அவள் காதில் விழுவதெல்லாம் பெருக்கல்தான். அண்ணன் ஒருமுறை அவளுக்கும் சொல்லிப் பார்த்தார். அணுவுக்குள் இரண்டை அளக்கும்போது, ஒன்றை முதலில் அளந்தால் ஒரு விடை, வரிசையை மாற்றி அளந்தால் வேறு விடை. நம்முடைய பெருக்கல் அதற்கு உதவாது, வேறோர் இயற்கணிதம் கட்டவேண்டும் என்றார். தைத்த பிறகா துணியை வெட்டுவார்கள், இதிலென்ன அதிசயம் என்று கேட்டாள். அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று போனில் சொன்னாள். பேராசிரியர், பலகையின் கடைசி வரியை வாசிக்க முடியுமா என்று தயங்கிக் கேட்டார். இந்த வாரம் முடித்துவிடுவேன் என்று அண்ணன் சொல்லியிருந்தாராம்.

அவளுக்குப் பாதிக் குறிகள் தெரியாது. அளவுச்சீட்டை வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"நடுவுல சமக்குறி இருக்காம்மா?"

"இருக்கு."

"அதுமேல குறுக்கால கோடு ஏதாவது?"

குனிந்து பார்த்தாள். அழுத்திப் போட்டிருந்தது.

"இருக்குங்க."

"அப்ப ரெண்டு பக்கமும் சேரல. கணக்கு வரல." மூச்சுவிடும் சத்தம் கேட்டது. "பதினேழு வருஷ உழைப்பும்மா, எங்க ரெண்டு பேருக்கும். உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

நேற்று மதியம் அண்ணன் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பேசலாமா என்று கேட்டார். நாற்பது சீருடைகளை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். சாயங்காலம் பேசலாம்ணே என்றாள், தலை நிமிராமல். கீழே உருண்டிருந்த நூல்கண்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அவள் எட்டிப் பார்த்தபோது படுத்திருந்தார்.

"இல்லைங்க," என்றாள். "ஒண்ணும் சொல்லல."

அண்ணனைத் தூக்கிவர டிரைவர் போர்வையோடு அறை வாசலில் காத்து நின்றார். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பேராசிரியர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது கேட்டது. அவர் எழுந்து போகவில்லை.