கருங்கல் ஜல்லிக்கு ஐந்நூறு பேர்

கருங்கல் ஜல்லி என்பது கோயம்புத்தூர்ப் பையன்கள் நாலு பேர் நடத்தும் ராக் இசைக்குழு. அவர்கள் கிட்டாரை ஒரு இழுப்பு இழுத்தால் பாபநாசம் அணையின் மதகு தானாகத் திறந்துகொள்ளும். டிரம்ஸ் அடித்தால் ஆற்றுப் பாலத்தில் போகிற பஸ் ஒரு முழம் எழும்பி இறங்கும். நேரில் பார்த்ததில்லை. பார்க்கத்தான் இத்தனை பாடு.

எந்த ஊரில் ஐந்நூறு பேர் கேட்கிறார்களோ அந்த ஊருக்கு வருகிறோம் என்று குழு அறிவித்திருந்தது. இணையத்தில் ஒரு படிவம்: பெயர், ஊர், செல்போன் எண். ஒரு எண்ணுக்கு ஒரு தடவைதான், திருத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோடு சரி. கச்சேரிகள் அடுத்த மாதம் இருபதுக்கு மேல்.

எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் மூத்தவன் நான், குற்றாலலிங்கம். ரயில்வே தபாலில் முப்பத்துநாலு வருஷம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவன். நான் பாட்டுப் போட்டால் என் மனைவி பிரம்மநாயகி, "பக்கத்து வீட்டுல வெல்டிங் பட்டறை வச்சிட்டீகளான்னு கேக்காக" என்பாள்.

ஆனால் இந்தக் கச்சேரி எனக்கு ஆசை என்றால் எங்கள் குழுவிலிருக்கும் காயல்பட்டினம் காஜா முகைதீனுக்கு உயிர். சவூதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. ஒன்பது வருஷமாக, அவர் அங்கே இருந்தால் ஜல்லி இங்கே பாடும். அவர் இங்கே வந்தால் ஜல்லி படுத்துத் தூங்கும். இந்தத் தடவை மகள் அஸ்ஃபியாவின் நிக்காஹுக்கு வந்திருக்கிறார். அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி விமானம். காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து குடியிருப்பார். புது மருமகன் வந்த வாரத்தில் மாமனார் ராக் கேட்க மதுரைக்குப் போய் ராத் தங்கினார் என்றால் ஊர் சும்மா விடுமா? திருநெல்வேலி என்றால் மத்தியானம் பஸ் ஏறி, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

ஞாயிறு மத்தியானம் பட்டியலைப் பார்த்தேன். திருநெல்வேலி: ஒன்பது பேர். எனக்கு வந்த வேர்வையில் தாமிரபரணி இரண்டடி உயர்ந்தது. குழுவில் அறுநூறு பேர் இருக்கிறோமே!

கீழே உருட்டினேன். பாளையங்கோட்டை 188. டவுண் 74. மேலப்பாளையம் 71. காயல்பட்டினம் 66. ஆழ்வார்திருநகரி 58. நாங்குநேரி 49. ஊர் என்று கேட்டதும் ஆளாளுக்குச் சொந்த ஊரை எழுதித் தொலைத்திருக்கிறார்கள். அந்த ஒன்பது பேர் சென்னையில் வேலை பார்ப்பவர்களாகத்தான் இருக்கும்.

பாளையங்கோட்டை ரசிகர்களின் தலைவர் நேசையாவைப் போனில் பிடித்தேன்.

"என்னவே இப்படிப் பண்ணிட்டீரு? திருநெல்வேலின்னு எழுதினா கை சுளுக்கிக்கிடுமா?"

"நான் பொறந்தது பாளையங்கோட்டை, படிச்சது பாளையங்கோட்டை, கல்யாணம் முடிச்சது பாளையங்கோட்டை. ஆத்துக்கு அந்தாண்ட இருக்க ஊர எதுக்குவே எழுதணும்? அது சரி, நீரு என்ன எழுதினீரு?"

திடீரென்று சிக்னல் சரியில்லை. நான் எழுதியது ஆற்றுக்கு இந்தப் பக்கத்து டவுண்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ரயிலில் இந்தப் பக்கத்துக் கடிதங்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரே பையில்தான் போடுவோம். ஊர் ஊராகப் பிரிப்பது அப்புறம். ஒரு தாளில் ஏழு ஊர்ப் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் ஜங்ஷனுக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்று குறித்து, கூட்டினால் 515 என்று அடிக்கோடு போட்டு, படம் பிடித்து, ஜல்லியின் கச்சேரி ஏற்பாட்டாளர் மதுமதிக்கு அனுப்பினேன். நாலு மணிக்கு அந்தப் பெண்ணே கூப்பிட்டது.

"சார், கணக்கு சரி. ஆனா இவங்க எல்லாரும் ஒரே இடத்துக்கு வருவாங்களா? ஒவ்வொரு ஊர்லேர்ந்தும் ஒருத்தர் எனக்குச் சொல்லணும். ஆறு மணிக்குள்ள."

ஐந்தரைக்குள் எல்லா ஊரும் சொல்லியாயிற்று. பாளையங்கோட்டை மட்டும் பாக்கி. அந்த 188 இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் தாள். காஜாவையும் இணைப்பில் சேர்த்துக்கொண்டு நேசையாவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"வாரோம்வே. ஆனா கச்சேரி பாளையங்கோட்டையில. நீங்க பாலத்தைத் தாண்டி வாங்க."

எங்கள் டவுணில் இல்லாத வீதியா? தேர் ஓடுகிற வீதியில் டிரம்ஸ் ஓடாதா? அறுபத்தெட்டு வருஷமாகப் பாளையங்கோட்டைக்காரனிடம் ஒரு பேச்சில்கூடத் தோற்றதில்லை. எல்லாக் கெட்ட வார்த்தையும் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றது.

காஜா பையப் பேசினார். "அண்ணாச்சி, அந்தப் பாலத்துக்கு எது எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது. தம்மாம்ல யாராச்சும் கேட்டா, நாங்க எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம்னுதான் சொல்லுதோம். இந்தத் தடவையும் போச்சுன்னா இன்னும் ரெண்டு வருஷம். அப்ப அவங்க பாடுவாங்களோ என்னமோ."

மணி ஐந்து ஐம்பது.

"சரிவே நேசையா," என்றேன். "பாளையங்கோட்டைக்கே வாரோம். போனைப் போடும் அந்தப் பிள்ளைக்கு."

"என்ன சொன்னீரு? சரியாக் கேக்கல."

"பாளையங்கோட்டைக்கு வாரோம்யா!"

பக்கத்துத் தெருவரைக்கும் கேட்டது. பிரம்மநாயகி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆறு மணி நாலு நிமிஷத்துக்குப் பட்டியல் மாறியது. "திருநெல்வேலி வட்டாரம்: 515. இடம் பாளையங்கோட்டை. மைதான அனுமதி கிடைத்தால் இருபத்துநாலாம் தேதி." அனுமதிக்கு நேசையா திங்கட்கிழமை போகிறார். நானும் கூடப் போகிறேன்.

பட்டியலைப் பார்த்ததும் காஜா கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அண்ணாச்சி, நான் இந்த மாதிரி கச்சேரிக்குப் போனதே இல்ல. அங்கன உக்காரணுமா, நிக்கணுமா?"

நானும்தான் போனதில்லை. அதை அவரிடம் சொல்வேனா?

"முதல் பாட்டுக்கு நிக்கணும்," என்றேன். "ரெண்டாவதுக்குக் குதிக்கணும். மூணாவதுக்கு மேல கால் தரையில பட்டா வெளிய அனுப்பிருவான்."

"இன்ஷா அல்லா, படாது," என்றார் காஜா.