எழுபத்தொரு பாகைச் சமையலறை

"எழுபத்தொண்ணா? போன மாசம் எழுபத்தஞ்சுன்னு சொன்னியே!"

"நடுவுல கம்பெனிக்காரங்க வந்து பேசிட்டுப் போனாங்கல்ல. அதான்."

ஃபெம்மி கோணமானியைச் சுவரிலிருந்து எடுத்தாள். பக்கத்துப் பண்ணைக்காரன் ஹார்ம் மூலைக்குள் தலையை விட்டுப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் குறுகினா பாலாடைக்கட்டியை இதுலயே வெட்டிக்கலாம்" என்றான். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சமையலறையில் யாராவது பொய் சொன்னால் கிழக்கு மூலை குறுகும். க்ரோனிங்கன் சமவெளிக்கு அடியிலிருந்து கம்பெனி எரிவாயுவை உறிஞ்ச ஆரம்பித்து, பூமி நடுங்கத் தொடங்கியபோது எல்லா வீடுகளிலும் விரிசல் விழுந்தது. ஃபெம்மி வீட்டில் இது வந்தது. முதல் நடுக்கத்துக்குப் பிறகு ஒரு கம்பெனி அதிகாரி அவள் மேசையில் உட்கார்ந்து, இதற்கும் எங்கள் வேலைக்கும் சம்பந்தமில்லை என்றார். அதுவரை செங்கோணமாக இருந்த மூலை, அவர் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டு பாகை உள்ளே வந்துவிட்டது. அன்றிலிருந்து மூலை அலமாரி திறக்கவில்லை. ஊரும் பழகிக்கொண்டது. பிறந்தநாளுக்கு வரும் உறவினர்கள், கேக் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசித்தார்கள்.

ஃபெம்மியால்தான் பழக முடியவில்லை. மூலை குறுகக் குறுகக் கூரை உத்தரம் சுவரை விட்டு விலகிக்கொண்டிருந்தது. சுவர் உள்ளே நகர்ந்திருக்கிறது என்று கம்பெனி ஆய்வாளர் எழுதிக் கொடுத்தால்தான் முட்டுக் கொடுக்க ஆள் வரும். வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். அவளுக்குள் கோபம் அடுப்பில் மறந்துபோன பால்போல அடிப்பிடித்துக் கிடந்தது.

வசந்தத்தில் ரூலோஃப்ஸ் என்ற ஆய்வாளர் வந்தார். காப்பியோடு ஒரு பிஸ்கட்டை நீட்டிவிட்டு ஃபெம்மி டப்பாவை மூடினாள். அவர் மூலைக்குள் நுழைந்து கோணமானியை வைத்தார்.

"நூத்தி ஒம்பது. சுவர் வெளிப்பக்கம் சரிஞ்சிருக்கு மேடம். பழைய அஸ்திவாரம். எங்க பொறுப்பில்ல."

மூலை அசையவில்லை, ஏனென்றால் அது பொய்யில்லை, பிழை. கோணமானியில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும்; ஒன்றில் எழுபத்தொன்று இருக்கும் இடத்தில் மற்றதில் நூற்று ஒன்பது. தப்பான வரிசையை வாசிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் தாள்களில் கணக்கு டீச்சராகக் காலமெல்லாம் சிவப்பு மையைக் கொட்டியவள் ஃபெம்மி.

"சார், முதல்ல கண்ணால பாருங்க. இது குறுங்கோணமா, விரிகோணமா?"

"கருவி சொல்றதுதான் கணக்கு."

"கருவி எங்க சொல்லுது? நீங்கதான் சொல்றீங்க!"

அவள் அவருடைய அறிக்கைத் தாளைப் பிடுங்கி, ஒருமுறை மடித்து, அந்த மடிப்பின் மேலேயே மறுமுறை மடித்தாள். மடிப்புகள் கூடிய முனை செங்கோணமானது. அதை மூலைக்குள் திணித்தாள். தாள் கசங்கியதே தவிர உள்ளே போகவில்லை.

"விரிகோணம்னா இது உள்ள தாராளமா ஆடணுமே. ஏன் நுழைய மாட்டேங்குது? சொல்லுங்க!"

ரூலோஃப்ஸ் தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல மேடம்."

சுவர்கள் வந்து அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டன.

தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சுவரை இடித்தால் உத்தரம் அவர் தலையில்தான் விழும் என்று கிளம்பிவிட்டார்கள். ஆய்வாளர் மாட்டிக்கொண்டதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி கடிதம் அனுப்பியது. ஹார்ம் அதைத் தோட்டத்தில், வீட்டிலிருந்து எட்ட நின்று வாசித்தான். இரண்டு குளிர்காலங்கள் போயின. ஞாயிறுகளில் ரூலோஃப்ஸின் மனைவி வந்து அவருக்கு முகச்சவரம் செய்துவிடுகிறாள். குறுங்கோணப் பாடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், அவர் முழங்கையை விலக்கிக்கொண்டு அளக்கிறார்கள். கம்பெனிக்காரர் வாயிலிருந்து உண்மை வந்தால் மூலை விரியுமா என்று யாருக்கும் தெரியாது. இதுவரை யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

தினமும் காலையில் ஃபெம்மி அவருக்குக் காப்பியும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு டப்பாவை மூடுகிறாள். பிறகு கோணமானியை அவர் கண்ணெதிரே, சுவரோடு சேர்த்துப் பிடிக்கிறாள்.

"சரியான வரிசையைப் பாத்து, சத்தமா வாசிங்க சார்."