ஏழாம் சுற்றின் பதினோரு தட்டுகள்

"நமது விருந்தினர்களை அன்புடன் வரவேற்கிறோம்!"

காலை எட்டு மணி ஏழு நிமிடம். ஒலிபெருக்கியில் தேன் வழிந்தது. அமெரிக்காவின் டுலூத் நகரில் அந்த ஆஸ்பத்திரி மொத்தமும் அலறி அடித்துக்கொண்டு எழுந்தது.

விருந்தினர்கள் என்றால் ஆய்வாளர்கள். சொல்லாமல் வருகிறவர்கள். அந்த ஒரு வரி காதில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே தரை துடைப்பவருக்கும் தெரியும். காபிக் கோப்பைகள் குப்பைத் தொட்டிக்குள் பாய்ந்தன. நடைபாதையில் நின்ற வண்டிகள், கிடைத்த அறைக்குள் தள்ளப்பட்டன.

அறுவைக் கருவிகளுக்குக் கிருமி நீக்கும் பிரிவின் மேலாளர் ரோவீனா பெஸ்டெக் வாசலுக்கு வந்தாள். அவளுடைய வண்டியைக் காணோம்.

நேற்று மாலை ஆட்டோகிளேவ் என்ற நீராவி இயந்திரத்தில் ஏழாம் சுற்றில் வைத்து எடுத்த பதினோரு கருவித் தட்டுகள் அதில் இருந்தன. தட்டுகளோடு வைத்த சோதனைக் குப்பி காலையில் உண்மையைச் சொல்லிவிட்டது: கிருமி சாகவில்லை. உள்ளே இடமில்லாததால், 'தொடாதே' என்ற சிவப்பு அட்டை மாட்டி நடைபாதையில் நிறுத்தியிருந்தாள். பத்தே நிமிடம்.

ஓடினாள்.

அறுவை அரங்கின் சேமிப்பறையில் வண்டி காலியாக நின்றது. அவசரத்தில் சிவப்பு அட்டையை யாரும் பார்க்கவில்லை; தட்டுகள், நல்ல தட்டுகளோடு தட்டாக அலமாரி ஏறிவிட்டன. நர்ஸ் கார்லிஸ் அவற்றில் ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"வை கீழே! அது ஏழாம் சுற்று!"

"எட்டரைக்கு முழங்கால் மாத்தணும், ரோவீனா. பேஷன்ட் வாசல்லயே படுத்திருக்காங்க."

திறந்திருந்த கதவுக்கு வெளியே, தள்ளுபடுக்கையில் ஆர்லீன் மாட்டிலா. பள்ளிப் பஸ் ஓட்டுகிறவர், வயது அறுபத்து மூன்று. கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

ரோவீனா லேபிள்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகளை உருவி மேஜையில் அடுக்கினாள். எட்டு. ஒன்பது. பதினொன்றாவதை அவள் இறக்கியபோது, தலைமை நிர்வாகி டர்க் ஹால்வர்சன் கோட்டும் டையுமாக உள்ளே வந்தார். குரல் தணிந்திருந்தது. கண்கள் தணியவில்லை.

"என்ன கூத்து இது?"

"சோதனை தோத்துடுச்சு, டர்க். இத வச்சு யாரையும் கீறக் கூடாது."

"கீழ லாபில ஆய்வாளர் நாலு பேர் நிக்கிறாங்க. இப்ப ஆபரேஷன நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. குப்பி பழசா இருக்கும். நாளைக்கு இன்னொண்ணு வச்சுப் பாரு."

"நாளைக்கு அந்தம்மா முட்டிக்குள்ள இரும்பு இருக்கும். கிருமியோட."

"ஆன்டிபயாட்டிக் எதுக்கு இருக்கு?"

"உங்க அம்மா முட்டியா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

டர்க்கின் தாடை இறுகியது. "பாத்திரம் கழுவுற டிபார்ட்மென்ட் எனக்குப் பாடம் எடுக்குதா? கார்லிஸ், தட்டுகளை மூணாம் ஆபரேஷன் ரூமுக்குக் கொண்டு போ. ரோவீனா, உன் அடையாள அட்டையைக் கழட்டு."

கார்லிஸ் தட்டுகளை நோக்கிக் கை நீட்டினாள்.

ரோவீனா பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தாள்.

சரக்!

தட்டைச் சுற்றியிருந்த நீலத்துணி கிழிந்தது. துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் அந்தத் தட்டை எந்த சர்ஜனும் தொடமாட்டார். சரக். சரக். குத்திக்கொண்டே போனாள். டர்க் அவள் மணிக்கட்டைப் பிடித்தபோது பதினொன்றும் முடிந்திருந்தது.

"பைத்தியமா நீ!"

"இப்ப கொண்டு போகச் சொல்லுங்க."

"யாருக்குப் பைத்தியம்?"

வாசலில் சாம்பல் நிறக் கோட்டில் ஒரு பெண். கழுத்தில் ஆய்வாளர் அட்டை. லாபியில் இல்லை, மாடிப்படி ஏறி வந்திருந்தாள்.

டர்க் மணிக்கட்டை விட்டார். ஒரே மூச்சில் முகத்தில் புன்னகை ஏறியது. "பாருங்க மேடம், இதான் எங்க பழக்கம். சந்தேகம் வந்துச்சு, உடனே அழிக்கச் சொன்னேன். எங்க ஊழியர்..."

ரோவீனாவுக்கு ஒரு கணம் தோன்றியது: விட்டுவிடலாம். கால் தப்பித்தது, வேலையும் தப்பிக்கும். ஆனால் அடுத்த குப்பி தோற்கும்போது இந்த ஆள்தான் இங்கே நிற்பார்.

"பொய். மூணாம் ரூமுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னார்."

ஆய்வாளர் கார்லிஸைப் பார்த்தாள். "நீங்க கேட்டீங்களா?"

கார்லிஸ் தன் செருப்பை ஆராய்ந்தாள்.

"நான் கேட்டேன்." தள்ளுபடுக்கை பேசியது. ஆர்லீன் முழங்கையை ஊன்றி எழுந்திருந்தார். "சாப்பிடக் கூடாதுன்னுதான் சொன்னாங்க, காதை அடைச்சுக்கச் சொல்லல. கோட்டுக்காரரே, ஆன்டிபயாட்டிக் எதுக்கு இருக்குன்னு நீங்கதான கேட்டீங்க?"

டர்க்கின் புன்னகை உதட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

ஆர்லீன் ரோவீனா பக்கம் திரும்பினார். அங்கேயும் கனிவு இல்லை. "நீ மட்டும் என்ன ஒழுங்கு? ஆறு மாசம் காத்திருந்து வந்திருக்கேன். அந்த எழவு வண்டிய யார் நடுவழில விட்டது?"

பேனா இன்னும் ரோவீனாவின் கையில் இருந்தது. ஆய்வாளரை நேராகப் பார்த்தாள்.

"நான்தான் விட்டேன், பூட்டாம. அதையும் எழுதிக்கோங்க."