முன்னெழுத்து

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு சிங்கப்பூரில், எங்கள் ஆங் மோ கியோ வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் என் மகள் தாரகா, மடிக்கணினியோடு. சோபாவில் கால் நீட்டியபடி அவள் தம்பி மிதுனன். சமையலறை வாசலை ஒட்டிய முக்காலியில் நான், மனோரஞ்சிதம். சன்னலோரப் பிரம்பு நாற்காலியில் தாரகாவின் தோழி நிரஞ்சனா. ஆய்வாளர்கள் எழுதும் கட்டுரைகளைப் பதிந்து வைப்பது பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்கு வேலை. அந்த நாற்காலி என் கணவருடையது. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. நிரஞ்சனாவுக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். தாரகா சிறுநீரக நோய் பற்றி ஆராய்கிறாள். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். எத்தனை கட்டுரை எழுதினாள், அவற்றை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள் என்று தேர்வுக் குழு எண்ணிப் பார்க்கும். அங்கேதான் சிக்கல். சென்னையில் மருத்துவம் படித்த காலத்தில் எழுதிய ஆறு கட்டுரைகளில் அவள் பெயர் டி. தாரகா. சிங்கப்பூர் திரும்பிய பிறகு எழுதிய இருபத்து மூன்றில், அப்பா பெயரைப் பின்னால் சேர்த்து, தாரகா தியாகராசா. கடைசியில் வருவதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு கணினி அவளைத் ‘தியாகராசா, டி.’ ஆக்கிவிட்டது. ஆக, பதிவில் இரண்டு ஆட்கள். எண்ணூறு பேருக்கு மேல் மேற்கோள் காட்டிய அவளுடைய முதல் கட்டுரை, மற்ற ஆளான டி. தாரகாவிடம் கிடக்கிறது.

“உங்க பொண்ணு ரெண்டு பேரா இருக்காங்க ஆன்ட்டி. கமிட்டி ஒருத்தரைத்தான் பார்க்குது” என்றாள் நிரஞ்சனா.

“அந்த ஒருத்தர் அப்பா லா” என்றான் மிதுனன். “தண்ணி இலாகா ஆபீஸ்ல கிராணியா பைல் பார்த்துக்கிட்டு இருந்தவரு, இப்ப கிட்னி எக்ஸ்பர்ட்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் தாமதித்துச் சிரித்தேன்.

இரண்டையும் ஒன்றாக்க வழி இருக்கிறதாம். அந்த ஆறு கட்டுரைகளும் வெளிவந்த சென்னை இதழின் செயலாளர் பழைய காலத்து மனிதர் போலிருக்கிறது. பெற்றோரில் ஒருவர் மையில் கையெழுத்திட்ட கடிதமும் பிறப்புப் பத்திர நகலும் தபாலில் வரவேண்டும் என்கிறார். எது முதன்மைப் பெயர் என்று கடிதத்தில் சொல்ல வேண்டும். இனி எல்லாக் கட்டுரையும் அந்தப் பெயரிலேயே பதிவாகும். எழுத வேண்டியவள் நான். முப்பது வருடம் ஒரு கப்பல் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர் தைப்பிங் பள்ளிக்கூடத்தில் படித்த முறைதான்: இடம், திகதி, பொருள், ஒரு பத்திக்கு ஒரு சங்கதி.

எந்தப் பெயர் என்று தாரகாவைக் கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், போன வருடம் ஐரோப்பாவில் நடந்த ஒரு மாநாட்டைப் பற்றிச் சொன்னாள். பெயரை அறிவித்த தலைவர், படியேறி வந்த இவளைத் தாண்டி, பின்னால் யாரோ ஓர் ஆண் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தாராம்.

“அப்பா பேர் மேல எனக்கு ஒண்ணும் இல்லமா. ஆனா மேடைக்கு நான் ஏறும்போது அவரைத் தேடுறாங்க.”

தேடுகிறவர்கள் அவர்கள் மட்டுமா என்று கேட்க வாய் வந்தது. எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

என் போனில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அவர் இறந்த வருடத்தில் மிதுனன் செய்து கொடுத்தது. தாரகாவின் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டினால் செய்தி வரும். ‘தியாகராசா, டி.’ இன்று ஒசாக்காவில், இன்னொரு நாள் லிமாவில். பொத்தானை அழுத்தினால் ஒரு பெண்குரல் தட்டுத் தடுமாறி அதை வாசிக்கும். நாற்பது வருடக் குடித்தனத்தில் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துப் பழக்கம் அப்படி. ‘இஞ்சாருங்கோ’ என்றால் அவர் திரும்புவார். ஆஸ்பத்திரியில் கேட்டால் தாளில் எழுதி நீட்டுவேன். பிள்ளைகளுக்கு அவர் அப்பா. எங்கள் வீட்டுக்குள் அந்தப் பெயர் கேட்பது இப்போது அந்தப் போனில் மட்டும்தான். பதிவு டி. தாரகா என்று மாறினால், போன் தாரகா என்றுதான் வாசிக்கும். தாரகாவை நான் தினமும் கூப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடிதத்தில் முதன்மைப் பெயர் தியாகராசா என்று போட்டேன். ஆறைவிட இருபத்து மூன்று அதிகம் என்று காரணமும் காட்டினேன். பிழை சொல்ல முடியாத காரணம். தாரகா இரண்டு தடவை படித்தாள். “நீங்க எழுதினா சரிமா” என்றாள். சாப்பிட்டுப் போகச் சொன்னேன். கிளமெண்டியில் தன் வீட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, தட்டச்சு செய்து நகல் எடுக்க, சிராங்கூன் ரோட்டுச் சந்திலுள்ள அப்துல் காதர் கடைக்குப் போனேன். தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன்மா. ஸ்கிரீன்ல எழுத்தைப் பெருசாக்கிக்குவேன், தாளுதான் தெரியாது. நீங்க வாசிங்க, நான் அடிக்கிறேன்.”

வாசித்தேன். இடம், திகதி, பொருள். முதல் பத்தியில் ‘என் மகள் டாக்டர் தாரகா’ வரை வந்து நின்றுவிட்டேன். அவர் விரல்கள் விசைகளின் மேல் காத்திருந்தன.

“தகப்பனார் பேரும் வருமா? சொல்லுங்கம்மா. மகள் பேருக்கு முன்னாடி போடவா, பின்னாடி போடவா?”

“தியாகராசா” என்றேன்.

பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்டது போல, தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. கடையில் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். வெளியே பூக்கடை வாசலில் நாலைந்து பேர். யாரும் திரும்பவில்லை. கூப்பிட்டால் திரும்புகிறவள் கிளமெண்டியில் இருக்கிறாள், சாப்பிடாமல் போனவள்.

“முன்னுக்குப் போடுங்கோ” என்றேன். “முதல் எழுத்துப் போதும்.”

இரண்டாம் பத்தியை அங்கேயே மாற்றிச் சொன்னேன். முதன்மைப் பெயர் தாரகா. மூன்றாம் பத்தி புதிது: ‘டி என்னும் முன்னெழுத்து அவளுடைய தகப்பனார் தியாகராசாவைக் குறிக்கும்.’ அதையும் நான் சொல்லச் சொல்லத்தான் அவர் அடித்தார். எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கடைசியில் மையில் கையெழுத்திட்டேன்.

தபால் நிலையத்தில் கடிதத்தை மூன்றாக மடித்து, பத்திர நகலோடு உறைக்குள் வைத்து ஒட்டினேன். ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்தேன். அனுப்புகிறவர் பெயரைக் கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். மனோரஞ்சிதம் தியாகராசா என்று முழுதாகச் சொன்னேன். அவள் முத்திரை குத்தி, உறையைப் பின்னாலிருந்த கூடையில் போட்டாள்.