கூண்டிலிருந்து வந்த குரல்

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மூடியில் உள்பக்கமாக நீர்த்துளிகள் கட்டிக்கொண்டிருந்தன. அவள் மூடியைக் கொஞ்சம் தூக்கி, கையை உள்ளே விட்டு, கணவரின் முகத்துக்கு நேர்மேலே இருந்த துளிகளைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கொல்லைப்பக்கத்திலிருந்து அவர் தொண்டையைச் செருமினார்.

"ம்ஹும். சூடாயிடுச்சு. குஞ்சுக்கு ஐஸ் வை. தண்ணிய மாத்து."

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் கையிலிருந்த டம்ளரை நழுவவிட்டார். எல்லாருடைய கண்களும் பெட்டிக்குள் போய், அங்கே வாய் மூடிக் கிடந்தவரைப் பார்த்துவிட்டு, திரும்ப அவள் முகத்துக்கு வந்து நின்றன.

"ஒண்ணுமில்ல. கோழிக் கூண்டு பேசுது" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. பாவம், அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டது என்று டீச்சர் நினைத்திருக்க வேண்டும். அருகில் வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கணவர் ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கதறுகிறவர்களின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, வீட்டையும் எந்த நேரமும் நின்றுபோகக்கூடிய லிஃப்டாகவே பார்க்கப் பழகிவிட்டார். அறைக்கு ஒரு விசில் ஆணியில் தொங்கியது. கட்டிலுக்கடியில் டார்ச், குளியலறையில் தண்ணீர் டிரம், வாசல் ஓரம் மருந்துப் பை. மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது இவர் ஒத்திகைக்காக விசிலை ஊதிவிட, புது மனுஷன் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. 'சைரன்' என்றுதான் அவருக்குப் பெயர். அவருக்கும் அது தெரியும்; உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஓய்வுபெற்ற பிறகு அத்தனை அக்கறையும் கோழிக்குஞ்சுகள் மேல் இறங்கியது. இந்த வருஷத்து வெயில் சாதாரண வெயில் இல்லை. மத்தியானத்தில் காக்கைகூட வாயைத் திறக்காது. தாயில்லாமல் வாங்கிவந்த குஞ்சுகள், அப்போதுதான் இறகு முளைத்துக்கொண்டிருந்தவை, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கும். அதற்காகவே ஃப்ரிட்ஜின் மேல்தட்டு முழுக்கத் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்திருந்தார். கொஞ்சம் பால் வைக்கவும் இடமில்லை என்று அவள் சண்டை போடாத நாளில்லை. பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் படுக்கவைத்தால் குஞ்சுகள் வந்து அதை ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் போதாதென்று, கழித்துப்போட்ட லிஃப்ட் ஒன்றிலிருந்து, 'கதவு மூடுகிறது' என்று சொல்லும் பெட்டியைக் கழற்றி வந்தார். அதிலிருந்த பெண் குரலை அழித்துவிட்டுத் தன் குரலைப் பதிந்தார். கூண்டுக்குள் சூடு அளவு மீறினால் அது பேசும். சூடு தணிகிறவரை விட்டு விட்டுப் பேசிக்கொண்டே இருக்கும். பேட்டரி என்பதால் கரண்ட் போனாலும் கவலையில்லை. நிறுத்த ஒரு பொத்தான் வைக்கக்கூடாதா என்று அவள் கேட்டாள்.

"வச்சா நீ நிறுத்திடுவ" என்றார். அது உண்மைதான்.

இன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. வட்டாரம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதாம். ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒன்றுகூட மிச்சமில்லை. வெயில் இவரை மட்டுமா கொண்டுபோனது. நேற்று மாலை வந்த ஃப்ரீசர் பெட்டி இப்போது வெறும் கண்ணாடிப் பெட்டி. எத்தனையோ ஆபத்துகளுக்கு ஏற்பாடு செய்துவைத்த மனுஷன் இந்த ஒன்றை யோசிக்கவில்லை. கொழுந்தன்தான் சமயோசிதமாக ஃப்ரிட்ஜின் மேல்தட்டைக் காலி செய்து, எல்லா பாட்டில்களையும் அண்ணனைச் சுற்றி அடுக்கினான். மகள் வெகுதூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து பார்க்கிறவரை அந்த முகம் முகமாக இருக்க வேண்டும். அவனுக்கு வேறு எதுவும் முக்கியமில்லை, அதில் தப்பும் இல்லை.

"ம்ஹும். சூடாயிடுச்சு. குஞ்சுக்கு ஐஸ் வை. தண்ணிய மாத்து."

இந்த முறை இரண்டு பேர் எழுந்து, காற்று வாங்குகிற சாக்கில் வாசலுக்குப் போனார்கள். கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு கொல்லைக்குப் போய், போன வேகத்தில் திரும்பினான். பொத்தானைத் தேடித் தோற்றிருப்பான். கட்டிங் பிளேயர் எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்டான்.

"வெட்டாதீங்க தம்பி."

"வர்றவங்க பயப்படுறாங்க அண்ணி."

"வெட்டாதீங்க" என்று மறுபடியும் சொன்னாள். காரணம் சொல்லவில்லை.

காரணம் சொல்கிற மாதிரியானதும் இல்லை. நேற்றும் இந்தக் குரல் இதே வெயிலில் பேசியது. அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொல்லையில் இருந்தார். கூண்டு பேசும்போது கூடவே தானும் அதே வார்த்தைகளைச் சொல்லி அவளைச் சீண்டுவது அவர் வழக்கம். எது பெட்டி, எது புருஷன் என்று பல நாள் அவளுக்குப் பிரித்துச் சொல்ல வராது. ஐஸ் வை என்றது குரல். வரேன் வரேன் என்றாள். மறுபடி ஐஸ் வை என்றது. மனுஷனுக்கு என்ன அவசரமோ என்று முணுமுணுத்துக்கொண்டு, அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டி முடித்துவிட்டுத்தான் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். கூண்டுக் கதவு திறந்திருந்தது. அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், மடியில் தீவனக் கிண்ணம். அவர் கால்களின் நிழலில் குஞ்சுகள் ஒண்டிக்கொண்டிருந்தன. குரல் அப்போதும் அவர் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தது.

இதயம் என்றார் டாக்டர், வெயில் என்றும் சொன்னார். டாக்டர் சொல்லாததுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குரல் அத்தனை முறை கூப்பிட்டதே, அதில் எதுவரை அவர் இருந்தார்? ஒரு முறையாவது கூப்பிட்டது அவரேதானா?

கொல்லைக்கு வந்தாள். தகரக் கூரை நெருப்பாய்க் கொதித்தது. ஈரம் போட்டிருந்த சாக்கு காய்ந்து விறைத்துக் கிடந்தது. குஞ்சுகள் கூண்டின் மூலையில், நேற்று அவர் சாய்ந்திருந்த சுவரோரம் குவிந்து, வாயைப் பிளந்துகொண்டு தவித்தன. ஒன்று காலை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. கையில் எடுத்தாள், கழுத்து துவண்டது. ஆனால் உயிர் இருந்தது. தண்ணீரில் விரலை நனைத்து அதன் அலகில் வைத்தாள்.

தலைக்கு மேலே குரல் மறுபடி செருமியது. வீட்டுக்குள் யாரும் பேசாமல் இருந்ததாலோ என்னவோ, இத்தனை நாளும் காதில் விழாத ஒன்று இன்று விழுந்தது. 'தண்ணிய மாத்து' என்று முடிந்த பிறகு, பதிவின் வாலில், எங்கோ தூரத்தில், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் சொன்னாள். வரேன், வரேன்.

அவளுடைய குரல்தான். பதிந்த அன்றைக்கும் ஏதோ வேலையாகச் சமையலறையில் இருந்திருப்பாள்.

குஞ்சை நிழலில் விட்டுவிட்டு நேரே கூடத்துக்கு வந்தாள். கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். அவர் பாதத்தருகே இருந்த பாட்டிலை எடுத்தாள். பிறகு முழங்காலருகே இருந்ததை. கொழுந்தன் ஓடிவந்தான்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"குஞ்சுங்களுக்கு வேணும்."

"அதுங்க போனா போவுது. புள்ள வந்து அப்பன் முகத்தப் பாக்க வேணாமா? இந்தச் சூட்டுல..."

அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. மகளின் பஸ் எந்த ஊரைத் தாண்டியதோ. கைநிறையப் பாட்டில்களோடு நின்றாள். குளிர் விரல்களைக் கடித்தது.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா முதல்ல யாரத் தூக்கிவிடணும்னு உங்கண்ணன் சொல்வாரு?"

அவனுக்குச் சின்ன வயதிலிருந்து விசிலுக்கு ஓடி ஓடி மனப்பாடமான பாடம் அது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சின்னவங்கள."

"அவரு பெரியவரு தம்பி. தாங்கிக்குவாரு."

கொழுந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவனே குனிந்து, அண்ணனின் கைகளுக்கடியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தான். தலையின் இரண்டு பக்கத்திலும் இருந்தவற்றை மட்டும் அவள் விட்டுவைக்கச் சொன்னாள். மகளுக்கு முகம் போதும். மூடியைத் திரும்பப் பொருத்தினார்கள். அது சரியாக உட்காரவில்லை.

பாட்டில்களைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வரிசையாகப் படுக்கவைத்தாள். சாக்கை நனைத்துக் கம்பிவலை மேல் போட்டாள். தண்ணீரை மாற்றினாள். குரல் இன்னும் ஒரு முறை சொன்னது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். முதலில் ஒரு தைரியசாலி பாட்டிலருகே வந்து வயிற்றை அழுத்திக்கொண்டது. பிறகு மற்றவை. துவண்டு கிடந்ததை எடுத்து அவற்றின் நடுவில் வைத்தாள். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தைத் தூக்கியது.

குரல் வரவில்லை. நல்லதுதான், கூண்டு குளிர்ந்துவிட்டது. அவள் எழுந்து உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. இன்னொரு தரம் செருமுவார் என்று அண்ணாந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருகிக்கொண்டிருந்த பாட்டில் ஒன்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சும்மா, சூடு கொஞ்சம் ஏறட்டுமே என்று. உடனே தன்மேலேயே வெட்கம் வந்து, அதைத் திரும்பக் குஞ்சுகளிடம் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அப்படியே எவ்வளவு நேரம் இருந்தாளோ. வெயில் தகரத்திலிருந்து இறங்கிச் சுவருக்கு வந்தபோது வாசலில் வண்டி நிற்கிற சத்தமும், மகளின் அழுகையும் கேட்டன. எழுந்து கூடத்துக்குப் போனாள்.

கொழுந்தன் மூடியை எடுத்திருந்தான். முகம் நன்றாகவே இருந்தது. வேலை முடிந்து வந்து கண்ணயர்ந்த மாதிரி. மகள் அதையே பார்த்துப் பார்த்து அழுதாள். பிறகு அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் அழுகை அப்படியே நின்றது.

"அம்மா" என்றாள். "அப்பா கை சூடா இருக்கும்மா."

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மகள் ஒன்றும் புரியாமல் அம்மாவின் கையைப் பற்றி இழுத்தாள், தொட்டுப்பார் என்பதுபோல. இழுத்தவள் திடுக்கிட்டாள்.

"உன் கை ஏம்மா இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

அவள் பெட்டியருகே உட்கார்ந்து, அந்தக் கையை அவருடைய கையின் மேல் வைத்தாள். கொல்லையில் குஞ்சுகள் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தன. கூண்டிலிருந்து வேறு சத்தம் எதுவும் வரவில்லை.