வாடகைதாரரின் மதிப்பெண்

வீடு வாங்க இதைவிட நல்ல நேரம் வராது என்று எல்லாரும் சொன்னார்கள்; சொன்னவர்களில் ஒருவர்கூட வாங்கவில்லை. வீட்டு விலை இறங்கியிருந்தது. தரகர்கள் முதல் மணியிலேயே போனை எடுத்து, கேட்காமலேயே விலையைக் குறைத்தார்கள். அந்த நேரத்தில்தான் மின்விசிறித் தொழிற்சாலையின் பணியாளர் நல அதிகாரி, மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டை, வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கினார்.

தொழிற்சாலையில் அவருக்குப் 'படிவம்' என்று பெயர். கை கழுவும் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லப் போனாலும் படிவத்தை நீட்டுவார். படிவம் தீர்ந்துபோயிருந்தால் படிவம் அச்சடிக்கக் கோரும் படிவத்தில் கையெழுத்து வாங்குவார். மாதம் ஒருமுறை தொழிலாளர்களை உட்காரவைத்து 'மனப்பான்மையே மூலதனம்' என்று வகுப்பு எடுப்பார். அவருடைய மூலதனம் என்னவோ வங்கியில் வைப்புநிதியாக இருந்தது.

இப்போது அதையும் எடுத்தாகிவிட்டது. மீதிக்குப் பதினைந்து வருஷக் கடன்.

வீடு வாங்கியதற்குக் காரணம் கேட்டவர்களிடம் "பன்முக வருமானம்" என்று சொன்னார். உண்மைக் காரணம் பயம். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களில் நாற்பத்தைந்துக்கு மேல் வயது தெரிந்தால், மீதியைப் படிக்காமலே ஓரமாக வைப்பது அவருடைய வழக்கம். இருபத்திரண்டு வருஷமாக எத்தனை காகிதங்களை அப்படி ஓரம் வைத்திருப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும். தன் காகிதமும் எங்கோ ஒரு மேஜையில் அந்த ஓரத்துக்குப் போகும் நாள் வந்தால், மாதம் பிறந்ததும் வாடகை என்று ஒன்று வரவேண்டும். அவ்வளவுதான்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் பழகிய கண்.

"ஏங்க, வீடு ஏன் இவ்வளவு மலிவா வருது?"

"யாரும் வாங்கல. மார்க்கெட் டல்."

"யாரும் வீடு வாங்கலைன்னா ஃபேனை எங்க கொண்டுபோய் மாட்டுவாங்க?"

அதிகாரி சிரித்தார். பொருளாதாரம் அப்படி நேர்கோட்டில் போகாது என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் பேசினார். அவள் பாதியில் எழுந்து துணி மடிக்கப் போனாள்.

வாடகைக்கு ஆள் எடுக்கிற விஷயத்தில் அவர் தன் முழுத் திறமையையும் காட்டினார். பதினோரு கேள்விகள் கொண்ட படிவம் தயாரானது. காலி வீட்டில் ஒரு மடக்கு மேஜையைப் போட்டு, வந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். தையல் கடை வைத்திருந்த ஒரு தம்பதி வந்தார்கள். ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தருவதாகச் சொன்னார்கள். சம்பளச் சீட்டு கேட்டார். சொந்தக் கடைக்கு யார் சார் சீட்டு குடுப்பா என்றார்கள். நிராகரித்தார். பாட்டு வாத்தியார் ஒருவர், 'உங்கள் பலவீனம் என்ன?' என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னதால் வெளியேறினார்.

கடைசியாக வந்தவன் அதே தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவுக்காரன். மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அதிகாரியைப் பார்த்ததும் வாசலிலேயே பின்வாங்கினான்.

"சார், உங்க வீடுன்னு தெரியாது சார். நான் போய்ட்டு வரேன்."

"உள்ள வாப்பா. உட்காரு."

அவனிடம் ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. எதற்குக் கேட்கவேண்டும்? சேர்ந்த தேதி, சம்பளம், பிடித்தம், எத்தனை நாள் காய்ச்சலில் விடுப்பு, எல்லாம் அவருடைய அலமாரியிலேயே கோப்பாக இருந்தது. உலகத்திலேயே முழுதாகத் தெரிந்த வாடகைதாரர் கிடைத்துவிட்டார் என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மனைவி தட்டில் பரிமாறியபடியே கேட்டாள். "உங்க சம்பளமும் அந்த கேட் வழியாத்தான் வருது. வாடகையும் இனிமே அதே கேட் வழியாத்தான் வரப்போகுது. கேட்டை மூடிட்டா?"

"நம்ம கம்பெனி முப்பது வருஷக் கம்பெனி."

"அந்தத் தையக்கடைக்காரங்களை எடுத்திருக்கலாம்."

"அவங்ககிட்ட ஆவணம் இல்லம்மா."

"கை நிறையப் பணம் வெச்சிருந்தாங்களே, அது ஆவணம் இல்லையா?"

நாலு மாதம் வாடகை தேதி தவறாமல் வந்தது. ஐந்தாவது மாதம் தொழிற்சாலையின் கிடங்கில் விசிறிப் பெட்டிகள் கூரையைத் தொட்டன. புது வீடு கட்டுகிறவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்; பழைய வீட்டில் இருப்பவர்கள் பழைய விசிறியின் கிரீச்சுச் சத்தத்துக்குப் பழகிக்கொண்டார்கள். மேலாளர் அதிகாரியைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"பன்னிரண்டு பேர். 'வேலை நீக்கம்'னு எங்கயும் எழுதாதீங்க. 'சீரமைப்பு'ன்னு போடுங்க."

"சரிங்க சார். மதிப்பெண் முறையில போயிடலாம். யாரும் குறை சொல்ல முடியாது."

முறை அவரே வகுத்தது. வருகைக்கு நாற்பது, கைத்திறனுக்கு ஐம்பத்தைந்து, மனப்பான்மைக்கு ஐந்து. முதல் இரண்டும் பிரிவு மேற்பார்வையாளர்கள் தருவது. மனப்பான்மை மட்டும் அதிகாரியின் கையில். அவருடைய வகுப்புக்கு வந்து எத்தனை முறை தலையாட்டினார்கள் என்பதுதான் அதன் அளவுகோல்.

கணினியில் எல்லாவற்றையும் ஏற்றி, கீழிருந்து எண்ணினார். பன்னிரண்டாவதாக நின்றவன் அவருடைய வாடகைதாரர். அறுபத்தொன்று. பெயிண்ட் பிரிவில் உற்பத்தி வரிசை ஓடிக்கொண்டிருந்தால் ஆள் நகர முடியாது. அதனால் அவன் ஒரு வகுப்புக்கும் வந்ததில்லை. மனப்பான்மைக்கு அதிகாரி போட்டிருந்தது இரண்டு.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பன்னிரண்டாவது வரிசையில் அவர் கண்ணுக்கு ஆள் தெரியவில்லை. மூன்றாவது மாடி தெரிந்தது. வங்கியின் தவணை தெரிந்தது. பிறகு இரண்டை அழித்து மூன்று என்று அடித்தார். வரிசையில் நின்றபடியே நல்ல மனப்பான்மையோடுதானே பெயிண்ட் அடித்தான், தான்தான் கொஞ்சம் கஞ்சத்தனமாக இருந்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பட்டியல் ஒருமுறை அசைந்து, அவன் ஒரு வரிசை மேலே ஏற, வேறொரு பெயர் அந்த இடத்துக்குக் கீழே இறங்கி நின்றது.

வீட்டில் இதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். ஆனால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர் அதை எத்தனை மணி நேரம் மனதுக்குள்ளேயே வைத்திருப்பார்?

மனைவி முழுதாகக் கேட்டாள். "அப்போ, பதிமூணாவதா இருந்தது யாரு?"

"பேக்கிங் செக்‌ஷன். ஒரு அம்மா."

"எத்தனை வருஷமா இருக்காங்க?"

"பதினாறு."

"உங்க கிளாசுக்கு வருவாங்களா?"

எல்லா வகுப்புக்கும் வருவாள். முதல் வரிசையில் உட்காருவாள். மனப்பான்மைக்கு நாலு போட்டிருந்தார்.

"வீடு வாங்கினது நம்ம பயம்," என்றாள் மனைவி. "அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?"

"தவணையை யார் கட்டுவா? நீ கட்டுவியா?"

"நான்தான் பாதி கட்டறேன்."

அது உண்மை. கடிதங்கள் இன்னும் கையெழுத்தாகவில்லை. மறுநாள் காலை வரை நேரம் இருந்தது. காலையில் அவர் அலுவலகம் போனார். கணினியைத் திறந்தார். மூன்றைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலாளர் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். பன்னிரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். மேலாளர் ஒன்றையும் படிக்காமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். அந்த வேகத்தைப் பார்த்தால், பதின்மூன்றாவதாக அதிகாரியின் கடிதத்தை வைத்திருந்தாலும் போட்டிருப்பார்.

கணக்குத் தீர்க்கும் நாளில் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு போனார்; அது ஒன்றுதான் அன்று அதிகாரிக்கு நியாயமாகப் பட்டது. பேக்கிங் பிரிவு அம்மா கடைசியாக வந்தாள். விரல் நுனிகளில் நாடா ஒட்டி ஒட்டித் தோல் உரிந்திருந்தது. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். எழுந்திருக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? எத்தனை மார்க்குல போச்சு?"

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதும்மா. ரகசியம்."

"அடுத்தவங்க மார்க்கைக் கேக்கல சார். என் மார்க்கு."

விதிமுறையில் அதற்குத் தடை இல்லை. விதிமுறையை எழுதியவரே அவர்தான்.

"அறுபத்தொண்ணரை," என்றார். "அரை மார்க்குல போச்சு."

"அரையா?" அவள் முகம் மலர்ந்தது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை. "அரைதானா? நாலு நாளா மண்டையைப் பிச்சிக்கிறேன் சார், அவ்வளவு மட்டமாவா கட்டியிருக்கேன்னு. பதினாறு வருஷமா அங்க என்னத்தைப் பண்ணினேன்னு வீட்டுக்காரர் கேக்குறாரு. பொண்ணு வாயைத் திறந்து கேக்கல, ஆனா பாக்குது." நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "எழுதிக் குடுக்கிறீங்களா சார்? அரை மார்க்குன்னு. சீல் வெச்சு. வீட்ல காட்டணும்."

காகிதம் கேட்டு வந்த யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. நிறுவனத்தின் பெயர் அச்சடித்த தாளை எடுத்தார். தேதி போட்டார். 'இவர் பெற்ற மதிப்பெண் அறுபத்தொன்றரை' என்று எழுதினார். 'பணியில் நீடிப்பதற்கு அரை மதிப்பெண்' என்று அடுத்த வரியைத் தொடங்கினார். பேனா அங்கேயே நின்றது.

வாயால் அவர் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறார். கணினியில் மூன்று என்று அடித்தபோதும் விரல்தான் அடித்தது, எந்த விரல் என்று கணினி கேட்கவில்லை. கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னதில்லை. இதை நேர்மை என்று சொல்லிவிட முடியாது. சிலருக்குக் கரப்பான்பூச்சியைத் தொட வராது, அந்த மாதிரி.

அந்தத் தாளை நாலாகக் கிழித்தார். வேறு தாள் எடுத்தார். அவளுடைய மதிப்பெண்ணை எழுதினார். பெயிண்ட் பிரிவு ஊழியரின் பெயரைப் போட்டு, அவருடைய மதிப்பெண் அறுபத்தொன்று என்று எழுதினார். அந்த ஊழியர் தன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் என்று எழுதினார். அவருடைய மனப்பான்மை மதிப்பெண்ணை இரண்டிலிருந்து மூன்றாகத் திருத்தியது தான்தான், திருத்தாவிட்டால் இவர் பட்டியலில் இல்லை என்று எழுதினார். கடைசியில் பழக்கதோஷத்தில் 'நகல்: மேலாளர்' என்றும் எழுதிவிட்டார். எழுதிய பிறகு அதைப் பார்த்தார். அடிக்கவில்லை. கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, நகல் எடுத்து, மூலத்தை அவளிடம் நீட்டினார்.

அவள் உதடு அசைய மெதுவாகப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தாள். மலர்ந்திருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது.

"அரைகூட இல்லையா சார்?"

"இல்லம்மா."

"அந்தப் பெயிண்டர் தம்பிக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க."

"ஆமா."

"அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"இதைக் காட்டினா அவருக்கு வேலை போயிரும். உங்களுக்கும் போயிரும்." தாளை மேஜைமேல் வைத்து, சுருக்கம் விழாமல் கையால் தடவினாள். "நான் என்ன பண்ணணும்னு இதுல போடலையே சார்."

அது தெரிந்திருந்தால் அதிகாரி அதையும் எழுதியிருப்பார்.

நகலை மேலாளருக்கான தபால் தட்டில் போட்டால் போதும். மதியத்துக்குள் போய்ச் சேரும். ஆனால் தட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தால், ஐந்தே நிமிஷத்தில் தானே திரும்ப எடுத்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்தது. தன்னைப் பற்றி அவ்வளவாவது அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தாளைக் கையில் பிடித்தபடி மேலாளர் அறையை நோக்கி நடந்தார்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.