கணக்கில் சேராத எட்டு நாள்

தனசேகரன் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட வாக்குகள் சராசரியாகப் பதினொரு நாள் உயிரோடு இருந்தன. மூக்குப்பொடியை விடுவது பதினாறு நாள். மலாய் எழுதப் படிப்பது ஆறு நாள். அடுத்தவருக்குக் கொடுத்த வாக்கில் மட்டும் அவன் தவறியதே இல்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம், சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் கால்சட்டைப் பித்தான் தெறித்து மீன் குழம்பில் விழுந்தது. அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, நாளை முதல் தேக்காவிலிருந்து கடலோரத்துக் கப்பல் கம்பெனி ஆபீசுக்கு நடந்தே போவதென்று முடிவு கட்டினான். இதுவும் போனால் இனி ஆயுசுக்கும் தன்னிடம் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை என்றும் சேர்த்துக்கொண்டான். சொன்னால் நம்புவதற்கு ஆள் வேண்டுமே.

மறுநாள் காலை பஸ்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

தேக்காவே நடந்தது. அதே ஆபீசில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு லாசரஸும் குடையை ஊன்றித் திட்டிக்கொண்டே நடந்தான். வருகைப் பதிவேட்டில், தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில், எல்லாரும் 'பஸ் இல்லை' என்று எழுதினார்கள். குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான தலைமைக் கிராணி துரைசாமி அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

ஞாயிறு நீங்கலாக எட்டாம் நாள் ராத்திரி, சாப்பாடு போட்டபடி பூவம்மா புருஷனை மெச்சிக்கொண்டாள்.

"பரவாயில்லையே, எட்டு நாளா சொன்னபடி நடந்துட்டீங்க."

"அது கணக்குல வராது."

"ஏன் வராது? கால் உங்க கால்தானே?"

"பஸ் இல்லாதப்ப நடக்குறது ஒரு நடையா? பல்லு விழுந்தவன் கறியை விட்டுட்டேன்னு சொல்ற மாதிரி."

"உங்களுக்குள்ள இருக்கிறவரு ரொம்பக் கறார் போல. எங்கப்பா அவருக்கே என்னைக் கட்டி வச்சிருக்கலாம்."

ஒன்பதாம் நாள் பஸ் ஓடியது. லாசரஸோடு பேசிக்கொண்டே நிறுத்தம் வரை போன தனசேகரனின் கால், பழக்க தோஷத்தில் படியேறிவிட்டது. ஜன்னலோர இடமும் கிடைத்தது. காற்று நன்றாக வந்தது.

"என்னய்யா, மூஞ்சி செத்துப்போச்சு?" என்றான் லாசரஸ்.

"நான் நடந்து வர்றதா சொல்லியிருந்தேன்."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

"அவ்வளவுதானா? நாளைக்குன்னு சொல்லிடு லா. உன் ஆள்தானே, கோவிச்சுக்க மாட்டான்."

அந்த ஆளிடம் அதைப் பலமுறை சொல்லியாயிற்று. அவன் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. அதுதான் தனசேகரனுக்கு உறுத்தியது. மணியை அடித்து இறங்கினான். அங்கிருந்தே ஆபீசைப் பார்த்து நடந்திருக்கலாம். அது அரைகுறை. திரும்பத் தேக்காவுக்குப் போய், முதலிலிருந்து நடந்தான்.

முக்கால் மணி தாமதம். பதிவேட்டில் அன்று வேறு யாரும் காரணம் எழுதியிருக்கவில்லை. அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு சற்று யோசித்தான். பொய் எழுத மனம் வரவில்லை. 'பஸ் ஓடுகிறது' என்று எழுதினான்.

துரைசாமி அதைக் கண்ணாடியோடு ஒரு தடவை படித்தார். கழற்றிவிட்டு ஒரு தடவை படித்தார்.

"தனசேகரன், நேத்து வரைக்கும் பஸ் இல்லைன்னு லேட்டு. இன்னைக்கு பஸ் இருக்குன்னு லேட்டா?"

"ஆமா சார்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் பஸ் ஓடும் சார். நான் அரை மணி முன்னாடியே கிளம்பி நேரத்துக்கு வந்துடுறேன்."

நேரத்துக்கு வருவது துரைசாமிக்குக் கொடுத்த வாக்கு. அதில் பயமில்லை. நடந்து வருவது தனக்கே சொன்னது; அதைத்தான் பார்க்க வேண்டும். கணக்குப்படி அன்று முதல் நாள்.